மறு: ஸ்லைடு கிதாருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

மூன்று நாள் கழித்து வருகிறேன். அதற்குள் பதினோரு சொல் குவிந்துவிட்டது. கேட்டவருக்கு வேண்டியது ஒரு நிகழ்ச்சிக் குறிப்புக்கான மூன்று சொற்கள்: ஸ்லைடு கிதார் (தந்தி மேல் குழலையோ கோலையோ நகர்த்தி வாசிப்பது) வாசிப்பவர், ரூட்ஸ் பாடலாசிரியர், ‘இன்டிமேட்’ அரங்கு.

> ‘சறுக்கு கிதார்’ என்றே வைத்துவிடலாமே. குழந்தைக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சறுக்கினான் என்றால் விழப்போகிறான் என்றுதான் நம் காதில் விழும். யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம், பங்குச் சந்தை சறுக்கியது என்கிறோம். ‘வழுக்கு’, ‘நழுவல்’ இரண்டும் அதே கதைதான். பிடி விட்டுப்போவதைச் சொல்லும் வினைகள் இவை.

இந்த வாசிப்பில் பிடி விடுவதே இல்லை. சின்ன அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தால் தெரியும். சுண்டுவிரலிலோ மோதிரவிரலிலோ ஒரு கண்ணாடிக் குழல் மாட்டியிருக்கும். அது தந்தியை அழுத்தாது, மேலே படிந்து நிற்கும். கொஞ்சம் அழுத்தினாலும் தந்தி கீழே குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கட்டையில் (ஃபிரெட்) இடித்துக் ‘கடக்’ என்னும். சாதாரணக் கிதாரில் விரல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும். இங்கே குழல் கட்டைக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினாலும் சுருதி போச்சு. குழலுக்குப் பின்னால் மற்ற விரல்கள் தந்தியைத் தொட்டும் தொடாமலும் படுத்திருந்து வேண்டாத அதிர்வை அமர்த்தும். இத்தனை கவனத்துக்குச் சறுக்கல் என்று பேர் வைத்தால் வாசிக்கிறவர் கோபித்துக்கொள்வார்.

> ‘இழை கிதார்’? இழைந்து இழைந்து வருகிறதே.

அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் கார்பன் இழையில் செய்த கிதார்கள் விற்பனையில் இருக்கின்றன. குழப்பம் நிச்சயம்.

> ‘குப்பிக் கிதார்’?

கதை என்னவோ சரிதான். அமெரிக்காவில் மிசிசிப்பி பக்கத்து புளூஸ் (கறுப்பின மக்களின் இசை) கலைஞர்கள் புட்டியின் கழுத்தை உடைத்து, விளிம்பை மழுக்கி விரலில் மாட்டிக்கொண்டார்கள். ராக் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மன் கையில் இருந்தது சளி மாத்திரைக் குப்பி. ஆனால் எல்லாரும் குப்பியோடு வரவில்லை. 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்தியில் வைத்து வாசித்ததைக் கேட்டதாக புளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி பின்னாளில் எழுதினார். ஹவாயில் கிதாரை மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வாசிப்பது அதற்கும் முந்தியது. அந்த ஊர்க் கலைஞர் ஜோசப் கெகுகு பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. கருவி மாறிக்கொண்டே இருக்கிறது, செயல் மாறவில்லை. அதனால் பெயரைச் செயலிலிருந்து எடுப்போம்.

நம் கோட்டு வாத்தியம் கருவியிலிருந்து பெயர் எடுத்த ஒன்று. கோடு என்றால் கோல், அந்தக் கோலால் வாசிப்பது. மெட்டுக் கட்டை இல்லாத வீணை, இன்று சித்திரவீணை என்கிறோம். இந்த வாசிப்பு தமிழ்க் காதுக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ‘கோட்டுக் கிதார்’ என்று வைத்தால் பத்தில் எட்டுப் பேர் கோடு போட்ட கிதார் என்று நினைப்பார்கள்.

என் பரிந்துரை ‘வார்தல்’. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டு இசைக்கரணங்களை அடுக்கும்போது முதலில் நிற்பது அதுதான்: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல்... உரையில் அது சுட்டுவிரலின் தொழில். அதே நுட்பம் என்று நான் சாதிக்கவில்லை, சொல்லைக் கடன் வாங்குகிறேன். தலை வாரும்போது சீப்பு மேலிருந்து கீழே, தொடர்ச்சியாக, கையின் கட்டுப்பாட்டில் போகிறதே, அதுதான் இந்தக் கையின் போக்கு. ஆக, வார்கிதார். மடியில் வைத்து வாசிக்கும் எஃகுத் துண்டுக்கு வார்கோல். விரலில் மாட்டும் குழலுக்கு வார்குழல்.

‘இன்டிமேட்’ அரங்கை நெருக்கமான அரங்கு என்று போட்டால் மூச்சு முட்டும். அந்தரங்க அரங்கு என்றால் வேறு விபரீதம். சிற்றரங்கு போதும், அளவைச் சொன்னால் நெருக்கம் தானே வந்துவிடும். ரூட்ஸுக்கு ‘நாட்டார் பாடல்’ பொருந்தாது. புளூஸ், கன்ட்ரி, காஸ்பெல் என்ற அமெரிக்க இசை மரபுகளில் காலூன்றி இந்த நிகழ்ச்சிக் கலைஞர் தாமே புதிதாக எழுதுகிறார். வேரிசை என்றே விடலாம்.

—

ஐயா, வார்குழல் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்களே! வார்குழலாள் என்றால் நீண்ட கூந்தல்காரி. ‘கலைஞர் தம் வார்குழலை விரலில் மாட்டி’ என்று அச்சில் வந்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? இன்னொன்று: வார் என்றால் பெல்ட். கிதாரைத் தோளில் தொங்கவிடுவதும் தோள்வார்தான். வார்கிதார், வார் போட்ட கிதாரா?

—

கூந்தல் விஷயத்தில் தோற்றேன். தலை வாருவதை உவமையாகச் சொல்லிவிட்டு அது கண்ணில் படவில்லை பாருங்கள். விரற்குழல் என்று வைத்துக்கொள்வோம்.

வார் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். வார்கிதார் வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு மாதிரி. நடுவில் ஒற்று மிகாது. தோல்வாரைச் சொல்வதென்றால் ‘வார்க் கிதார்’ என்று க் போட்டு எழுதட்டும். ஒற்றைப் பார்த்துப் படிக்கிறவர்கள் குறைவு என்பீர்கள். அது வேறு சண்டை.

—

கேள்வி கேட்டவன் நான். குறிப்பு இப்படிப் போகிறது: “வார்கிதார்க் கலைஞரும் வேரிசைப் பாடலாசிரியருமான இவர், ஐம்பது பேர் அமரும் சிற்றரங்கில், ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கிறார்.” முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஸ்லைடு கிதார் எனப்படும்’ என்று சேர்த்திருக்கிறேன், அண்ணன்மார் மன்னிக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. விரற்குழல் நேராக இருப்பதால் எல்லாத் தந்தியையும் ஒரே கட்டையில்தான் தொட முடியும் என்று, டி-ஜி-டி-ஜி-பி-டி என்ற சுரங்களில், கைவைக்காமலே ஓர் இசைவு (கார்டு) ஒலிக்கும்படி தந்திகளைக் கூட்டிக்கொள்கிறார்கள். ‘ஓப்பன் டியூனிங்’. திறந்த சுருதி என்று எழுதி அடித்துவிட்டேன். யாராவது?