பழைய மலையின் கறுப்பு மண்

தேயிலைத் தோட்டத்தில் மண் மாதிரி எடுக்கும் வேலைக்குப் போன புதிதில், வயதான செடி நிற்கும் மலையில் மண் செத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நட்டு 3 வருடமானது, 15 வருடமானது, 50 தாண்டியது என்று மூன்று மலைகளில் (தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் மலை என்போம்) எடுக்கச் சொன்னார்கள். மண்ணில் கரிமம், அதாவது இலைதழை மக்கிச் சேரும் கார்பன், எவ்வளவு என்று பார்க்கத்தான்.

புது மலையில் செடி இன்னும் விரிந்து மூடவில்லை. நிரைக்கு நடுவே வெயில் நேராக மண்ணில் விழுந்தது. அள்ளினால் வெளிறிப்போய், பொலபொலவென்று உதிர்ந்தது. 15 வருட மலை பரவாயில்லை. பழைய மலையில் செடியின் தூரடியில் மண்டியிட்டுச் சருகை விலக்கினேன். பாதி மக்கிய மிலாறு (வெட்டி விழுந்த சிறு கிளைகள்), அதைச் சுற்றி நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை, அதற்கும் கீழே காப்பித்தூள் நிறத்தில் மண். ஒரு சாண் தோண்டியதும் நிறம் வெளுத்துவிட்டது. சேர்ந்த கரிமம் பெரும்பாலும் அந்த ஒரு சாணுக்குள்தான்.

மாதிரிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மூத்தவர் ஒருவர், "நடு நிரையில எடுத்தியாப்பா?" என்றார். எடுக்கவில்லை. எல்லாமே தூரடி மண். சருகு விழுகிற இடத்தில் மட்டும் எடுத்தால் கணக்கு ஏறித்தான் காட்டும். மறுபடி ஏறிப்போய் இரண்டு இடத்திலும் எடுத்தேன். அவர் கணக்கும் போட்டுக் காட்டினார்: ஒரு ஹெக்டேரில் மேல் 20 சென்டிமீட்டர் மண், கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்தால் 2,000 டன். அதில் ஒரு சதவீதம் பிசகினாலே 20 டன் கரிமம் பிசகுகிறது.

சரி, செடிக்கு வயதாக ஆக மண்ணில் கரிமம் ஏன் கூடுகிறது? 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை செடியைக் குட்டையாகக் கவாத்து வெட்டும்போது விழும் மிலாறும் இலையும் முதல் காரணம். இன்னொன்று எனக்குக் கவலை தருவது. அமோனியம் உரம் மண்ணைப் புளிக்க வைக்கிறது. செடி உறிஞ்சிய அலுமினியமும் சருகோடு திரும்ப மண்ணுக்கே வருகிறது. புளித்த மண்ணில் நுண்ணுயிர்கள் மந்தமாகின்றன, அலுமினியம் மக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதாவது அந்தக் கறுப்பில் ஒரு பங்கு, மக்க வேண்டியது மக்காமல் தங்கியது. புளிப்பைக் காட்டும் எண்ணான பி.எச். (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5-க்குக் கீழே போய்விட்டால் தேயிலைக்கே ஆகாது. கறுப்பாக இருக்கிறதே என்று வளத்தை முடிவுகட்டாதீர்கள், பி.எச்.-சையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் பழைய மலையின் செடிகளைப் பிடுங்கினார்கள். புல் நட்டு மண்ணை மூடுவதற்குள் மழை வந்துவிட்டது. கீழ்க் கானில் (வடிகாலில்) தண்ணீர் கறுப்பாக ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 50 வருடம் சேர்ந்தது அது. மனசு ஆறவே இல்லை.

இப்போது கவாத்து முடிந்த மலையில் மிலாறு கட்டுகிறவர்களைக் கண்டால் நின்று பேசுவேன். அடுப்புக்கு விறகு வேண்டும், அது நியாயம்தான். தடித்த கிளையை எடுத்துக்கொள்ளுங்கள், மெல்லிசும் இலையும் தூரடியிலேயே கிடக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பேர் அப்படியே செய்கிறார்கள்.