ரோமில் ஒரே நாள், நடந்தே சுற்ற வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் முதல் தடவையாக ரோம் போகிறோம், நானும் அம்மாவும், பிளாரன்ஸில் இருந்து காலை ரயிலில் வந்து இரவே திரும்ப வேண்டும், ஆக கையில் இருப்பது ஒன்பது, பத்து மணி நேரம்தான். டெர்மினி ஸ்டேஷனில் இறங்கி கொலோசியம், ரோமன் ஃபோரம் இடிபாடுகள், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், பியாஸ்ஸா நவோனா சதுக்கம், கடைசியில் டைபர் ஆற்றைத் தாண்டி செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம் வரை நடந்தே போகலாம் என்று திட்டம். வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரிகிறது (வரைபடத்துக்கு முட்டி வலிக்காதே!).

கொலோசியம் டிக்கெட்டிலேயே ஃபோரமும் பாலட்டைன் குன்றும் சேர்ந்து வருகிறது, ஆனால் மூன்றையும் பார்த்தால் பாதி நாள் போய்விடாதா? அம்மாவுக்கு 62 வயது, நன்றாக நடப்பார், ஆனால் அந்தக் கருங்கல் பாவிய தெருக்களில் எப்படியோ. கொலோசியத்தை வெளியில் இருந்து மட்டும் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட 1,900 வருடமாக நிற்கும் பாந்தியன் குவிமாடத்துக்கு அடியில் நிதானமாக நிற்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டோம், சரிதானே? அப்புறம், திரும்பும்போது வத்திக்கான் பக்கத்து ஒட்டாவியானோ ஸ்டேஷனில் மெட்ரோ ஏ லைன் பிடித்தால் நேராக டெர்மினிதானே? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.