பழைய மரச்சாமான்களில் எவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை இடித்துக் கட்டவிருப்பதால், அங்கிருக்கும் பழைய சாமான்களை அப்புறப்படுத்த வேண்டியுள்ளது. பச்சை வண்ணம் பூசிய தேக்கு அலமாரி, கால் ஒடிந்த பிரம்பு நாற்காலிகள், இழுப்பறைகள் கொண்ட எழுத்து மேசை, பிளைவுட்டால் செய்த தொலைக்காட்சி மேடை ஆகியவை இருக்கின்றன. காயலான் கடைக்காரர் எல்லாவற்றையும் எடைக்குக் கேட்கிறார். நானும் ஏழு வயது மகளும் புகைப்படச் சட்டம், தாம்பாளம் போன்ற எளிய பொருள்களைச் செய்து பழக விரும்புகிறோம். தச்சுவேலை இருவருக்கும் புதிது. எவற்றை எடுத்துக்கொள்ளலாம், எப்படிக் கழற்றுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

அம்மா, தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரம்பத்தைத் தொடுவதற்கு முன் திருப்புளியை எடுங்கள். பூட்டிய வரிசைக்கு எதிர் வரிசையில் கழற்றினால் பலகைகள் பிளக்காமல் முழுதாகக் கிடைக்கும். பழைய திருகாணிகளின் தலைப் பள்ளத்தில் வண்ணம் அடைத்திருக்கும். அதைக் கத்தி முனையால் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து, முதலில் சற்றே இறுக்குகிற பக்கம் அசைத்துப் பிடியைத் தளர்த்திவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள். கடற்காற்றில் இரும்புத் திருகாணிகள் துருவேறி மரத்தோடு பிடித்துக்கொள்ளும்; பித்தளையோ மென்மையான உலோகம் என்பதால், முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்துவிடும். கீல், கைப்பிடி பித்தளைதானா என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. பித்தளையில் ஏறிய களிம்பு புளியில் போய்விடும்.

மூட்டுகள் வஜ்ஜிரப் பசையால் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சிச் செய்த பழைய காலப் பசை) ஒட்டப்பட்டிருந்தால் வேலை எளிது. ஊசிக்குழலால் சுடுநீரை இடுக்கில் செலுத்திச் சற்றுநேரம் காத்திருங்கள். பசை கூழாக இளகியதும் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) மெல்லத் தட்டினால் மூட்டு விலகும். உளியை நுழைத்து நெம்பினால் மரம்தான் சிதையும்.

முதல் வேலைக்கு எழுத்து மேசையின் இழுப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றவே வேண்டியதில்லை; தேய்த்து மெழுகிட்டால் தாம்பாளமாகிவிடும், சுவரில் நிறுத்திப் பொருத்தினால் சிறிய அடுக்காகிவிடும். ஒரு மூலையை லேசாக இழைத்துப் பாருங்கள்; மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் பலாமரம், நம் பண்ணுருட்டிப் பக்கத்தில் அரிதல்ல.

மறுமொழி (நெல்லிக்குப்பம்)

குழந்தையும் உடன் இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பச்சை வண்ணத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், ஒருமுறை பாதித்தால் மீட்பது கடினம். வண்ணம் பூசிய பலகைகளை ஒதுக்கி வையுங்கள், அல்லது வண்ணம் ஏறாத உட்பக்கத்தைப் பயன்படுத்துங்கள். அவற்றையும் பிளைவுட்டையும் வெந்நீர் அடுப்பில் எரிக்கவும் வேண்டாம். பிளைவுட் மேடையைக் கடைக்காரருக்கே கொடுத்துவிடலாம்.

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

நான் சற்று மாறுபடுகிறேன். அலமாரி உறுதியாக நிற்கிறது என்றால் அதைப் பிரிக்கவே கூடாது. அவ்வளவு அகலமான தேக்குப் பலகையை இன்று வாங்கப் போனால்தான் அதன் அருமை தெரியும். அதை அறுத்துப் புகைப்படச் சட்டம் செய்வதற்கு எனக்கு மனம் வராது. ஒடிந்த நாற்காலிகளே உங்கள் பயிற்சிக்குப் போதும்.

கேட்டவர்

மிக்க நன்றி. அலமாரியை அப்படியே வைத்துக்கொள்கிறோம். நாற்காலிகளின் பிரம்புப் பின்னல் ஒரு பக்கம் தொய்ந்து, ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. ஒரு நாற்காலிக் காலில் குண்டூசி அளவு துளைகளும் தெரிகின்றன.

மறுமொழி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

தொய்ந்த பின்னலை அடிப்பக்கத்தில் வெதுவெதுப்பான நீரால் நன்கு நனைத்து நிழலில் உலர விடுங்கள். இழைகள் சுருங்கி ஓரளவு இறுகும். கிழிந்த இழைகளையே வைத்து மறுபடி பின்ன முடியாது, பழைய பிரம்பு ஒடியும். ஆனால் நனைத்த பிறகு கிழியாத பகுதியைக் கத்தரித்தெடுத்து, மரச்சட்டத்தில் இழுத்துப் பொருத்தினால் உங்கள் மகளின் தோடுகளை மாட்டிவைக்க அருமையாக அமையும்.

துளையுள்ள காலை ஒரு வெள்ளைத்தாள் மீது வைத்துத் தட்டிப் பாருங்கள். மாவு போன்ற தூள் புதிதாக உதிர்ந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்தத் துண்டை மற்ற மரங்களோடு சேர்த்து வைக்காமல் அன்றே வெளியேற்றிவிடுங்கள். தூள் உதிரவில்லை என்றாலும் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.