ரிவர்ஸ் கேமராவில் படம் வரவில்லை, புதிது மாற்றினால் தீருமா?

கோத்தகிரிவாசி:
வெளியில் வாங்கி மாட்டிய கேமரா. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்தே தகராறு. ரிவர்ஸ் போட்டால் ஸ்கிரீன் மாறுகிறது, ஆனால் கறுப்பாக நின்று ‘நோ சிக்னல்’ என்கிறது. சில நாள் நன்றாகவே வருகிறது. எங்கள் வீடு சாலைக்குக் கீழே. சரிவில் பின்பக்கமாகத்தான் வண்டியை இறக்க வேண்டும், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான். சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. கேமரா இல்லாமல் இறக்க மனசு வரவில்லை. கடையில் புதுக் கேமரா போடச் சொல்கிறார்கள்.

குன்னூர் ரைடர்:
கேமராவுக்குள் ஈரம் கோத்திருக்கும். வெயிலில் நிறுத்திப் பாருங்கள்.

ஊட்டி ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
ஈரம் கோத்தால் பெரும்பாலும் படம் வெளுத்து மங்கும், இப்படி வந்து வந்து போகாது. தம்பி, இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. ஸ்கிரீன் மாறுவதால் ரிவர்ஸ் கியரிலிருந்து செட்டுக்குப் போகும் சிக்னல் சரி. எனக்குச் சந்தேகம் டிக்கி கீல் பக்கம்தான். அங்கே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும், வயரெல்லாம் அதற்குள்தான் போகும். டிக்கியைத் திறந்து மூடி உள்ளே செம்பு அறுந்துவிடும், மேல் உறை மட்டும் முழுசாக இருக்கும்.

இன்ஜின் ஓட வேண்டாம், சாவி ஆன் மட்டும். ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ரிவர்ஸ் போடுங்கள். நம் ஊர்ச் சரிவில் கட்டை கட்டாயம். ஒருவர் ஸ்கிரீனைப் பார்க்கட்டும், நீங்கள் டிக்கியை மெல்ல அசையுங்கள். படம் வந்து போனால் அதுதான். அப்புறம் கேமரா கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் கறுப்பு முனையை எடுத்து பாடியில், பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். அங்கே 12 காட்டினால் எர்த் வயர்தான், அதாவது அந்தக் கறுப்பு வயர்தான் போயிருக்கிறது.

கோத்தகிரிவாசி:
அண்ணா, அதேதான்! டிக்கி பாதி திறந்தால் படம் வருகிறது, மூடினால் போகிறது. பாடியில் வைத்தால் 12 காட்டுகிறது. ரப்பரை உருவிப் பார்த்தேன், கறுப்பு வயர் ஒரு இடத்தில் தொளதொளவென்று மடங்குகிறது. உறையைக் கீறினால் செம்பு பச்சை பூத்து உதிர்கிறது. டேப் சுற்றினால் போதுமா?

ஊட்டி ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
இந்த ஈரத்துக்கு டேப் நிற்காது. பச்சை பூத்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் துண்டு சேருங்கள். சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி வயரை இறுக்கும் பிளாஸ்டிக் குழாய்) போட்டுச் சுருக்குங்கள். சேர்ப்பு இரண்டும் ரப்பருக்கு வெளியே வரட்டும், மடங்குகிற இடத்தில் இருந்தால் மறுபடி அறும். கையோடு பக்கத்து வயர்களையும் வளைத்துப் பாருங்கள், பின் வைப்பர் வயரும் பெரும்பாலும் அதே குழாயில்தான் வரும்.