குடும்ப வரலாறு அச்சிடுதல்: ஆண்டுக் கணக்கு, பெயர்க் குழப்பம், அச்சக வேலை

உப்புவெளி:
வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் ஐந்து தலைமுறையாக வாழும் குடும்பத்தின் வரலாற்றைச் சொந்தமாக அச்சிடும் எண்ணம். ஏ5 அளவு, 120 பக்கம், 100 பிரதி. கைவசம் நாலு கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் பாடல் நூல்), இரண்டு காணி உறுதி (நிலப் பத்திரம்), சில பிறப்புப் பத்திரங்கள். பூட்டனாரின் திதி வெண்பாவில் (இறந்த நாளைச் சொல்லும் பாடலில்) "விய வருடம், மாசி" என்றிருக்கிறது. ஆங்கில ஆண்டு எது? பாட்டனும் பேரனும் ஒரே பெயரில் வருவதை எப்படிப் பிரிப்பது? அச்சகத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஓலைக்கட்டு:
விய 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும்: 1886-87, 1946-47, 2006-07. வருடம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே நடுச் சுற்று என்றால் 1947 பெப்ரவரி-மார்ச். 1946 என்று போட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. திதிக்கும் இறப்புப் பத்திரத்துக்கும் ஒருநாள் முன்பின் இருந்தால் பயப்படாதீர்கள், திதி நள்ளிரவில் மாறுவதில்லை.

எந்தச் சுற்று என்பதை முதியவர்களிடம் கேட்டு உறுதிசெய்யலாம். "ஜப்பான்காரன் குண்டு போட்டது" 1942 ஏப்ரல் 9. "புயல்" என்றால் மட்டும் திருப்பிக் கேளுங்கள்: திருகோணமலையைத் தாக்கியது 1964 டிசம்பர், மட்டக்களப்பை அழித்தது 1978 நவம்பர். இரண்டும் பேச்சில் கலந்துவிடும்.

பழைய அடையாள அட்டையும் உதவும். முதல் இரு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருக்கும். எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாளாகவே கணக்கு, ஆகவே 061 என்றால் மார்ச் 1. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் மார்ச் 2 வந்து ஒருநாள் பிசகும்.

வளவு:
பெயருக்கு முன் எண் கொடுங்கள். மூத்தவர் 1, பிள்ளைகள் பிறந்த வரிசையில் 1.1, 1.2, பேரப்பிள்ளைகள் 1.2.1 என்று போகும். ஒரே பெயர் பத்துத் தரம் வந்தாலும் குழம்பாது. பெண்பிள்ளைகளையும் அதே வரிசையில் எண்ணுங்கள், தயவுசெய்து "மகள் (மணமாகிச் சென்றார்)" என்று முடித்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் வீடு வளவு பெரும்பாலும் சீதனமாக மகளுக்கே போகும். தாய், மகள், பேத்தி என்ற தொடர் கல்வெட்டில் இல்லாவிட்டாலும் உறுதியில் இருக்கும். உறுதியில் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முந்திய பதிவுகளைத் தேடலாம்.

பிறப்புப் பத்திரத்தில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் கேட்கும் கூடு இருக்கிறதா பாருங்கள். பலர் அதை வாசிப்பதேயில்லை. வெண்பாவில் தளைக்காக (யாப்பு ஓசைக்காக) பெயர் சுருங்கியிருக்கலாம், முழுப்பெயரைப் பத்திரத்திலிருந்து எடுங்கள்.

அச்சுக்கூடம்:
100 பிரதிக்கு டிஜிட்டல் அச்சே போதும். தாள் எடை உள்ளே 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்), அட்டை 300. பசை ஒட்டு விரித்து விரித்துப் பார்க்கும் புத்தகத்துக்கு உதவாது, நூல் தையல் கேளுங்கள். 16 பக்கக் கட்டாக மடித்தால் 120 சரிவராது, 128 ஆக்குங்கள். மிஞ்சும் 8 பக்கத்தை இனிப் பிறக்கும் பிள்ளைகளின் பெயர் எழுத வெறுமையாக விடலாம். முதுகு ஏறக்குறைய 6.5 மிமீ.

பாஸ்போர்ட் அளவுப் படத்தை இருமடங்கு பெரிதாக்க 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்யவேண்டும். 300 போதாது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதை யுனிகோடுக்கு மாற்றினால், இடையில் ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்கள் பொருளற்ற தமிழெழுத்தாகிவிடும். மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எழுத்துரு பதிந்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள்.

ஐஎஸ்பிஎன் எண் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில், சொந்தமாக வெளியிடுபவருக்கும் கிடைக்கும். அட்டை வடிவமைக்க முன் எடுத்துவிடுங்கள்.

உப்புவெளி:
நன்றி. உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி?

வளவு:
ஆண்டு மட்டும். அடையாள அட்டை இலக்கம், சாதகம் இரண்டும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்தை அனுப்பி, "சரி" என்று எழுத்தில் வாங்கியபின் அச்சுக்குக் கொடுங்கள்.