ஊர்காவற்றுறைத் தொகுதியில் புள்ளடி போட்ட அனுபவங்கள்

சுன்னாகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

2015 ஆகஸ்ட் 17 நாடாளுமன்றத் தேர்தலுக்கு எனக்குக் கடமை விழுந்த இடம் யாழ்ப்பாண மாவட்டத்து ஊர்காவற்றுறைத் தொகுதியின் நெடுந்தீவு. கடிதத்தைப் பார்த்ததும் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சோளகக் காற்று அடிக்கிற நேரத்திலா?" குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். வாக்குப்பெட்டியை இறுகப் பிடித்தபடி இருந்தேன். நான் பெட்டியைக் காப்பாற்றினேனா, பெட்டி என்னைக் காப்பாற்றியதா என்பது இன்றும் எனக்குத் தெளிவில்லை. காவலுக்கு வந்த பொலிஸ்காரத் தம்பி மலையகத்துப் பையன். பாதி வழியிலேயே வாந்தி எடுத்துச் சோர்ந்துவிட்டான். பிறகு நாங்கள்தான் அவனுக்குக் காவல்.

இரவு பாடசாலை வாங்குகளை ஒன்றாக இழுத்துப் போட்டுப் படுத்தோம். அயல்வீட்டு அம்மா ஒருவர் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். கடமையில் இருப்பவர் எவரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவர் நெடுந்தீவில் ஓர் இரவு தங்கியிருக்க மாட்டார்.

காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது அதே அம்மா வரிசையில் முதல் ஆளாக நின்றார். சுண்டுவிரலில் மை பூசி, உள்ளே போய்ப் புள்ளடி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் இட்டார். அதன் பிறகும் போகவில்லை. "தம்பி, என்னுடைய மூன்று பிள்ளைகளின் பெயரும் இதில் இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார். வாக்காளர் இடாப்பு வீட்டு இலக்கப்படி அடுக்கப்பட்டது. அவருடைய வீட்டு இலக்கத்துக்கு நேரே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

இந்தத் தொகுதியில் உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

வேலணை, தற்போது ஸ்காபரோ:

ஐயா, என் முதல் வாக்கு 1977இல். ஆனால் எங்கள் வீட்டில் தேர்தல் என்றால் 1970தான், அது சண்டை ஆண்டு. தமிழரசுக் கட்சியின் வ. அ. கந்தையா 1963இல் காலமானதும் இடைத்தேர்தலில் வந்தவர் வ. நவரத்தினம். 1965இலும் அவரே வென்றார். பிறகு கட்சியுடன் முரண்பட்டுப் பிரிந்து, 1970இல் அக்கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு எதிராகவே நின்றார். அப்பா நவரத்தினத்தின் பக்கம். சித்தப்பா வீட்டுச் சின்னத்தின் பக்கம். வென்றவர் தமிழரசுக் கட்சியின் க. பொ. இரத்தினம். அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் நடுவே இருந்த வேலிப் பொட்டு அடைக்கப்பட்டது. ஏழு ஆண்டுகள் அம்மாவும் சித்தியும் சுற்றுப்பாதையால் போய்த்தான் கறி மாற்றிக்கொண்டார்கள்.

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னமான உதயசூரியனுக்கு அப்பாவும் போட்டார், சித்தப்பாவும் போட்டார். வடக்கின் 14 தொகுதிகளும் கூட்டணிக்கே போயின. இரத்தினம் மீண்டும் நாடாளுமன்றம் சென்றார், வேலிப் பொட்டும் திறந்தது. தொகுதிக்கு ஒருவர் என்று தெரிவு செய்த கடைசிப் பொதுத்தேர்தல் அதுவே என்று அப்போது யாருக்குத் தெரியும்? 1983இல், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியப்பிரமாணம் கேட்கும் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. கூட்டணி உறுப்பினர்கள் அந்தச் சத்தியப்பிரமாணத்தை எடுக்காமல் ஆசனங்களை இழந்தார்கள்.

2004இல் சூரியன் வழக்கில் சிக்கியதால் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்டது. "சித்தப்பாவின் வீடு திரும்பி வந்துவிட்டது" என்று அம்மா தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

புங்குடுதீவு, இப்போது கொக்குவில்:

வாக்களித்த கதை மற்றவர்களிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது வாக்களிக்காத கதை. 1991இல் ஊரை விட்டு வெளியேறினோம். 1994 ஆகஸ்ட் தேர்தலில் தீவுப்பகுதி அரச படைகளிடம், குடாநாடு புலிகளிடம். வாக்களிப்பு நடந்தது பெரும்பாலும் தீவுப்பகுதியில். எங்கள் ஊர்ப் பெயரில் தேர்தல் நடக்கிறது, ஊர்க்காரர் நாங்களோ கடலுக்கு இக்கரையில் வானொலிக்குக் காது கொடுத்திருந்தோம். ஈபிடிபி (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) 10,744 வாக்குகளில் 9 ஆசனங்களைப் பெற்றது. அன்று யாழ்ப்பாண மாவட்டத்துக்கே 10 ஆசனங்கள்தான். நான் அந்தக் கட்சியைக் குறை சொல்ல வரவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

இதைத் தாத்தாவிடம் புலம்பியபோது அவர் அசையவே இல்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை முதன்முதலாகக் கிடைத்தபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பினால் ஊர்காவற்றுறைக்கும் வேட்புமனு இல்லை. 1934 வரை ஆசனம் காலி. "கிடைத்த அன்றே வேண்டாம் என்றவர்கள் நாங்கள்" என்றார். அதில் பெருமையா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 2005 ஜனாதிபதித் தேர்தலில் மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் வாக்களித்தார்கள். அந்த நாள் முழுவதும் நானும் வீட்டில் மதில் கட்டிக்கொண்டிருந்தேன். தாத்தா 1931, நான் 1994, 2005.

ஊர்காவற்றுறை, பல்கலைக்கழக மாணவி:

நான் வாக்களித்தது ஒரே ஒரு நாடாளுமன்றத் தேர்தலில், 2024 நவம்பரில். காரைநகரிலிருந்து பாதையில் ஏறி வீட்டுக்கு வந்து வாக்களித்தேன். பாதை என்றால் எங்கள் ஊரில் கடலைக் கடக்கும் மிதவை, வெளியூர் நண்பர்கள் குழம்புவார்கள். பாதையில் ஒரே பேச்சு ஆசனக் கணக்குத்தான். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆக இருந்தது 7 ஆகி, 2024இல் 6. ஆறில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி எடுத்துக்கொண்டது. நான் யாருக்குப் போட்டேன் என்று அப்பா இன்றுவரை கேட்கவில்லை, ஆனால் விரல் மையை மட்டும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுன்னாகம் ஐயா, அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

சுன்னாகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வரிசை வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றது, பிள்ளை. "அடுத்தவர் வாருங்கள்" என்றேன்.