கொடைக்கானல் மரத்தாடி: கஷாயம் குடிக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. கொடைக்கானல் போன என் சித்தி, மரக்கிளையில் தாடி மாதிரி தொங்கிய பச்சைப் பாசியை ஒரு பை நிறையக் கொண்டு வந்திருக்கிறார். பார்த்தால் அஸ்னியா என்ற லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) போல இருக்கிறது. ஒரு இழையை மெதுவாக இழுத்தேன். மேல்தோல் வளையம் வளையமாக விட்டு, உள்ளே ரப்பர் போல நீளும் வெள்ளை நரம்பு தெரிந்தது. அஸ்னியாவுக்கே உரிய அடையாளம் அது.

உடம்பு இளைக்க இதைத் தினமும் கஷாயம் வைத்துக் குடிக்கப் போகிறாராம். எனக்குப் பயமாக இருக்கிறது. இதிலுள்ள அஸ்னிக் அமிலம் ஆய்வகத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் அதே அமிலம் சேர்ந்த எடைக்குறைப்பு மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2001-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. “கறிக்குப் போடும் கல்பாசியும் இதே இனம்தானே” என்கிறார் சித்தி. அதுவும் லைக்கன்தான், ஆனால் வேறு வகை. அதையும் தாளிக்க ஒரு சிட்டிகைதானே போடுகிறோம்!

லைக்கன் ஆராய்ச்சியில் இருப்பவர்கள், சித்த மருத்துவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படம் அனுப்புகிறேன், இனத்தை உறுதிசெய்ய வேண்டும். அப்புறம், சித்திக்குப் புரியும்படி நாலு வரி எழுதித் தந்தால் பெரிய உதவி. சனிக்கிழமை கஷாயம் வைக்கப் போகிறார், அதற்குள் வேண்டும்.